மகளே என்றது யார்?

அத்தியாயம் 11

புதிதாக உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கதை இதுதான். போதகர் தன் சபையை இணையத்தில் ஏற்றிவிட்டார். கட்டடத்தில் உட்கார்ந்து கேட்பவர்களைவிடக் கைப்பேசியில் கேட்பவர்கள் பல மடங்கு அதிகம். படுத்துக்கொண்டே கேட்பவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஒலி சுத்தமாகப் போகவேண்டும் என்பதற்காக, வருடக்கணக்காகச் சபையில் ஆர்கன் வாசித்து வந்த தன் சொந்த அக்காவை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் பதிவுசெய்த இசையை வைத்தார். அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே உப்பு டப்பா. உப்பு வேண்டுமென்றால் அக்கா உப்பிடமே கேட்பாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

காலையில் போதகர் பழைய சாமான் அறையில் நின்றுகொண்டிருந்தார். இப்போது அதற்கு ஸ்டுடியோ என்று பெயர். சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி அச்சிட்ட ஒரு துணி. நிஜமான புத்தக அலமாரி அடுத்த அறையில் இருந்தது. கேமராவில் அது அவ்வளவு நிஜமாகத் தெரியவில்லை.

"பிரியமானவர்களே, உங்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நான் கேட்கிறேன். பதில் என் வாயிலிருந்தே வரும்" என்று முடித்து, கண்களை மூடித் திறந்தார். எவ்வளவு நேரம் மூட வேண்டும் என்பது மகன் சொல்லிக் கொடுத்தது. அதற்கு மேல் மூடினால், பார்ப்பவர்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுகிறார்களாம்.

"சூப்பர்ப்பா. இதையே சாயங்காலம் லைவுக்கு முன்னாடி ஓட்டிடலாம்" என்றான் மகன். கல்லூரியில் கணினி படிக்கிறான். சபையில் எல்லோருக்கும் அவன் ‘டெக்னிக்கல்’.

சாயங்கால நிகழ்ச்சிக்குப் ‘பதில் மாலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜெபம் கேட்பதற்கென்று சபை வைத்திருந்த ஜெப எண்ணுக்கு விண்ணப்பம் அனுப்பி, பதில் பெற்றவர்கள் வந்து சாட்சி சொல்வார்கள். தலைமைச் சபையிலிருந்தும் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால், எல்லாச் சபைகளின் இணைய ஊழியமும் இவர் பொறுப்புக்கு வரும். போதகர் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் புதுக் கோட்டு தைத்துவிட்டார்.

காலை உணவுக்கு மேசையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

அக்காவின் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு இருக்கிறது. அறை அமைதியாக இருந்தால் ‘டிக், டிக்’ என்று வெளியே கேட்கும். டெக்னிக்கல் சின்னப் பையனாக இருந்தபோது அவளுக்குக் ‘கடிகார அத்தை’ என்று பெயர் வைத்தான். அவளும் அதை மறுக்கவில்லை. அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. உயிர் உள்ளவரை.

போதகரின் மனைவி மாத்திரை டப்பாவை எடுத்தாள். குலுக்கிப் பார்த்தாள். திறந்தாள்.

"அண்ணி, இது என்ன? போன வாரம் நான் நிரப்பி வச்சது அப்படியே இருக்கு?"

அக்கா ரொட்டியைப் பார்த்துச் சொன்னாள். "நிறுத்திட்டேன்."

"எதை?"

"அதைத்தான். போதும்னு பதில் வந்துடுச்சு."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டருக்கு மேல இருக்கறவர் சொன்னார்." அக்கா தன் கைப்பேசியை மேசையின் நடுவில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

போதகரின் குரல் வந்தது.

"மகளே… நீ சுமந்தது போதும். பயப்படாதே. அந்தப் பாரத்தை இன்றோடு இறக்கி வை. இனி அது உனக்குத் தேவையில்லை."

போதகர் வாய்க்குக் கொண்டுபோன கோப்பை பாதி வழியில் நின்றது. குரல் அவருடையதுதான். நடுவில் வந்த தொண்டைச் செருமல்கூட அவருடையதுதான். ஆனால் இதை அக்காவுக்குச் சொன்னதாக எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவர் மகனைப் பார்த்தார். மகன் தட்டிலிருந்த முட்டையைப் பார்த்தான். அவன் இதுவரை எந்த முட்டையையும் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

"நீங்க போய் டாக்டருக்குப் போன் பண்ணு" என்றார் போதகர் மனைவியிடம். மரியாதையும் ஒருமையும் ஒரே வாக்கியத்தில் கலந்ததை அவர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள். அதனால்தான் பயந்தாள்.

ஸ்டுடியோக் கதவைச் சாத்தினார் போதகர்.

"என்னடா அது?"

"பதில்ப்பா."

"யார் சொன்ன பதில்?"

"நீங்கதான். கவலையைப் பத்தி ஒரு பிரசங்கம் பண்ணீங்களே, மழை பேஞ்சு பாதி பேர் வராம போனாங்களே, அன்னைக்கு. ஆடியோ ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."

"அதை எதுக்குடா அக்காவுக்கு அனுப்பின?"

"நான் அனுப்பல. அதுவா போகும். நீங்கதானே ஆட்டோ ரிப்ளை வைக்கச் சொன்னீங்க?"

"விண்ணப்பம் கிடைச்சுதுன்னு ஒரு வரி போடச் சொன்னேன்!"

"முதல்ல அதைத்தான் போட்டேன். கரண்ட் பில் கட்டின மாதிரி இருக்குன்னு ஒரு அம்மா வருத்தப்பட்டாங்க. நீங்க வேற மேடையில, பதில் என் வாயிலிருந்தே வரும்னு சொல்லிட்டீங்க. அதான் உங்க பழைய பிரசங்கத்தையெல்லாம் துண்டு துண்டா வெட்டி வச்சேன். அனுப்பறவங்க எழுதற வார்த்தையைப் பார்த்து அதுவே துண்டை எடுத்து அனுப்பும். எல்லாம் உங்க வாயிலிருந்துதான்ப்பா வருது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கல."

பையன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் தொல்லை.

ஆரம்பத்தில் அவர் எல்லா விண்ணப்பங்களையும் படித்தார். படித்து, முழங்காலில் நின்றார். பிறகு விண்ணப்பங்கள் பெருகின. பிறகு கோட்டு, விளக்கு, அலமாரித் துணி. பிறகு மகன் அனுப்பும் நன்றிச் செய்திகளை மட்டும் படித்தார். நன்றிகள் படிக்கச் சுகமாக இருந்தன. பதில் யார் சொல்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகன் சொல்லியிருப்பான். அவன் எதையும் மறைக்கும் ரகம் இல்லை. கேட்காததைச் சொல்லும் ரகமும் இல்லை.

"அவ என்ன எழுதியிருந்தா?"

மகன் திரையைத் திருப்பிக் காட்டினான். ‘இந்த மாத்திரை எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. கையெல்லாம் கன்றிப் போகிறது. இனி யாருக்காக இதை விழுங்குகிறேன் என்று தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?’

பெயர் போடாமல் அனுப்பியிருந்தாள். பக்கத்து அறையில் தூங்குகிற தம்பியிடம் கேட்காமல், உலகத்துக்கே பொதுவான ஓர் எண்ணிடம்.

"நோய், வலி, ஆஸ்பத்திரின்னு வந்தா, டாக்டர் சொல்றதைக் கேளுங்கன்னு நீங்க பேசின துண்டு போகும்" என்றான் மகன். குரல் இறங்கிவிட்டது. "மாத்திரைங்கிற வார்த்தையை… அந்த லிஸ்ட்ல நான் போடல. எனக்குத் தோணவே இல்லப்பா. அத்தை பாரம்னு எழுதியிருக்காங்க. பாரத்துக்கு அந்தத் துண்டு."

"வேற யாருக்கெல்லாம் போச்சு?"

"இப்ப அதைக் கேக்காதீங்க."

"டேய்."

"நிறைய பேருக்குப்பா."

கதவு திறந்தது. மனைவி காதில் கைப்பேசியோடு நின்றாள். "உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. வீட்டுல மாத்திரையைக் கொடுத்துட்டு உக்காந்திருக்கக் கூடாதாம். அது வேலை செய்ய நாள் ஆகுமாம். ஊசியில ஆரம்பிக்கணுமாம்." ஒரு மூச்சு விட்டாள். "அப்புறம், சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"என்ன சத்தம்?"

"வால்வு சத்தம். மங்கிப் போயிருந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வச்சிருக்காதீங்கன்னு சொல்றாங்க."

அக்காவின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போதகர் உள்ளே போனதும் முதல் வேலையாக அதை நிறுத்தினார்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புறங்கைகளில் நீலமும் கறுப்புமாகக் கன்றிய திட்டுகள். மாத்திரை தந்த பரிசு. அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்டது. ஆனால் போர்வைக்குள் சுருட்டி வைத்த கடிகாரம்போல, எங்கோ அடியிலிருந்து.

"அக்கா."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "ஜன்னலே, காத்து நின்னுடுச்சு. யாரோ வந்திருக்காங்க போல."

"விளையாடாதக்கா. எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அந்தக் குரல்ல வந்தது நான் உனக்குச் சொன்னது இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

மாதக்கணக்கில் பார்க்காத தம்பியை அக்கா இப்போது திரும்பிப் பார்த்தாள். "நீ என்னை மகளேன்னு கூப்பிடுவியாடா? உன் மூக்கைத் துடைச்சுவிட்டு, உனக்கு பட்டன் போட்டுவிட்டு, உன்னை ஸ்கூலுக்கு இழுத்துட்டுப் போனவ நான். உன் வாயில எனக்கு அந்த வார்த்தை வருமா? செத்தாலும் வராது. அப்போ உன் வாயை வச்சு வேற ஒருத்தர் பேசியிருக்கார். அதனாலதான் நம்பினேன். அக்கான்னு வந்திருந்தா, நீ உளர்றேன்னு விட்டிருப்பேன்."

"அது மெஷின்க்கா. இவன் என் பழைய பிரசங்கத்தை வெட்டி ஒட்டி…"

"ஒரு காலத்துல ஆண்டவருக்குப் பேச ஒரு கழுதையே போதுமா இருந்துச்சு. வேதத்துல அது வாயைத் திறந்து பேசலையா? நீயே அதை வச்சு பிரசங்கம் பண்ணியிருக்க. செல்போன் கழுதையைவிட மட்டமா?"

போதகர் வேதாகமக் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவர். கழுதைக்கும் கைப்பேசிக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"அக்கா, உனக்கு மூச்சு வாங்குது."

"வயசாச்சு. வாங்கும்."

"பேசும்போதே வாங்குது!"

"அப்போ நீ பேசு." அவள் கண்களை மூடிக்கொண்டாள். "நீ எனக்காகப் பொய் சொல்லுவடா. எனக்குத் தெரியும். அம்மா போன அன்னைக்கு நான் வெளியூர்ல இருந்தேன். போன்ல என்ன சொன்ன? அம்மா தூங்கறாங்க, மெதுவா வான்னு சொன்ன. வழியெல்லாம் நான் மெதுவா வந்தேன். நீ பயந்துட்டா நல்ல மனசோட எதை வேணா சொல்லுவ. இப்பவும் பயந்திருக்க."

"சத்தியமா…"

"சத்தியம் பண்ணாத. நான் சொல்றதைக் கேளு. எனக்காகப் பொய் சொல்லுவ. உன் சேனலுக்கு எதிரா பொய் சொல்ல மாட்ட. அந்த நம்பர்ல பேசறது நானும் இல்ல, ஆண்டவரும் இல்ல, வெட்டி ஒட்டினதுன்னு எல்லாருக்கும் சொல்லு. உன்னைப் பார்க்கற அத்தனை பேருக்கும் சொல்லு. அப்ப நம்பறேன். அப்ப வர்றேன்."

"சாயங்காலம் லைவ் இருக்கு, அதுல…"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் நான் எங்கே போகப் போறேன்? இங்கேதான் இருப்பேன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் போதகர் அறையை விட்டு வெளியே வந்தார்.

கூடத்தில் கேமரா மூப்பர் வந்து நின்றிருந்தார். சபை நிர்வாகத்தில் மூத்தவர்; சபைக்குக் கேமராக்கள் வாங்கிக் கொடுத்தவர் அவர். அதனால் அவை எதைப் பார்க்க வேண்டும் என்பதிலும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. சாயங்கால ஏற்பாடுகளுக்காகச் சீக்கிரமே வந்துவிட்டார். மனைவி விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"பாஸ்டர், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏத்துங்க. அதுக்கு எதுக்கு நீங்க ஊர் முன்னாடி சட்டையைக் கிழிச்சுக்கணும்?"

"வேண்டாம்னு சொல்றவங்களை இழுத்துட்டுப் போனா, போற வழியிலேயே ஏதாவது ஆயிடும்" என்றாள் மனைவி. "படபடப்பு ஆகவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. அங்க போயும் அண்ணி சம்மதிக்காம ஊசி போட மாட்டாங்க."

"அப்போ நிதானமா எடுத்துச் சொல்லுங்க. குடும்பத்துக்குள்ள முடிச்சுக்குங்க. இன்னைக்குத் தலைமைச் சபையே பார்க்குது பாஸ்டர். ஒரு வாரம் தள்ளி, ‘தொழில்நுட்பக் கோளாறு’ன்னு ஒரு அறிவிப்பு போட்டா போதாதா?"

போதகருக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தொழில்நுட்பக் கோளாறு. எவ்வளவு சுத்தமான வார்த்தை! யாருடைய கையும் அதில் இல்லை. ஒரு வாரம் என்பதும் நியாயமாகவே தோன்றியது. உள்ளே போர்வைக்குள் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் மட்டும் ஒரு வாரத்துக்குச் சம்மதிக்காது.

"அதுவுமில்லாம" என்று மூப்பர் குரலைத் தாழ்த்தினார், "அந்த நம்பரால நல்லது நடந்தவங்களை நினைச்சுப் பாருங்க. நானே சாட்சி. புதுக் கடை திறக்கலாமா, வேண்டாமான்னு தவிச்சேன். யார்கிட்டயும் சொல்லாம ஒரு விண்ணப்பம் போட்டேன். ‘துணிந்து கையைப் பிடி, இனிப் பின்வாங்காதே’ன்னு உங்க குரல்ல வந்துச்சு. அன்னைக்கே வாடகைக்குப் பிடிச்சுட்டேன்."

பின்னாலிருந்து டெக்னிக்கல் மெதுவாகச் சொன்னான். "அங்கிள், அது ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளைக்குச் சொன்னது."

கேமரா மூப்பர் உட்கார நாற்காலி தேடினார். கிடைத்ததும் அதில் உட்காராமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

போதகர் அந்த முகத்தைப் பார்த்தார். மூப்பர் புத்திசாலி. கணக்கில் கெட்டி. அவரே இப்படி என்றால், கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு அழுத மற்றவர்கள்?

"டெக்னிக்கல், லைவ் போடு."

"எப்பப்பா?"

"இப்ப."

"லைட் இல்ல, கோட்டு இல்ல. அறிவிப்பும் கொடுக்கல. யாரும் பார்க்க மாட்டாங்க."

"பார்க்கறவங்க போதும்."

மூப்பர் வாயைத் திறந்தார். நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திறந்த வாயை மூடினார்.

மெத்தைகளுக்கு நடுவில் போதகர் நின்றார். பின்னால் இருந்த அலமாரித் துணி ஒரு முனையில் கழன்று தொங்கியது. யாரும் அதை மாட்டவில்லை. திரையின் ஓரத்தில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை வேலை நேரத்தில் போதகர் வந்தால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

"பிரியமானவர்களே" என்று ஆரம்பித்தார்.

‘ஆமென்’ என்று ஓடியது கீழே.

"ஜெப எண்ணிலிருந்து உங்களுக்கு வந்த பதில்களைக் குறித்து உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பதில்களை நான் உங்களுக்கென்று சொல்லவில்லை."

‘ஆமென்.’ ‘ஆமென் ஐயா.’ கூப்பிய கைகள். பூக்கள்.

"உங்களில் பலருக்காக நான் ஜெபிக்கவில்லை."

‘ஆமென்’ என்றது ஒரு வரி. ‘மகிமை’ என்றது இன்னொன்று.

போதகர் திரையையே பார்த்தார். வருடக்கணக்கில் அவர் பழக்கிய ஆமென்கள். எதைச் சொன்னாலும் ஓடிவந்து காலை நக்கும் ஆமென்கள்.

"ஆமென் போடாதீங்க!" என்று கத்தினார். "கொஞ்சம் நிறுத்துங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

பிரசங்கக் குரல் அதோடு போய்விட்டது. மேசையில் பேசுகிற குரல் வந்தது.

"உங்களுக்கு வந்த குரல் என்னோடதுதான். ஆனா அது பழைய பிரசங்கத்துல வெட்டின துண்டு. நீங்க எழுதின வார்த்தையைப் பார்த்து மெஷின் எடுத்து அனுப்பினது. நீங்க எழுதினதை நான் படிக்கல. படிக்கிறேன்னு சொன்னேன். அது பொய். மெஷினை வச்சது என் வீட்டுல, கேக்காம விட்டது நான். அதை ஆண்டவர் தலையில போடாதீங்க. அவர் உங்களோட எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியாது. இது அவர் இல்ல."

கீழே ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. எண்ணிக்கை இறங்கவில்லை, ஏறியது. அது இன்னும் மோசம்.

"அந்தக் குரலைக் கேட்டு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தா, இப்பவே உங்க டாக்டர்கிட்ட போங்க. வேற எதையாவது முடிவு பண்ணியிருந்தா, நில்லுங்க. என்னைக் கூப்பிடுங்க. அந்த நம்பரை இனி நான்தான் எடுப்பேன்."

அடுத்த அறையிலிருந்து அவருடைய குரலே சற்றுப் பிந்தி வந்துகொண்டிருந்தது. அக்காவின் கைப்பேசி. அவர் சொல்லி முடித்ததை அது இப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"என் அக்கா மருந்தை நிறுத்திட்டா. என் குரலைக் கேட்டு. அவளை ஆர்கன்லேருந்து எழுப்பி வீட்டுல உக்கார வச்சது நான். ஏன் எழுப்பினேன்னு அவகிட்ட நேரா சொல்லக்கூட இல்ல. ஒலிப்பதிவு நல்லா வரலைன்னு சபைக்கு நோட்டீஸ் போட்டேன். அவ இனி யாருக்காக இதை விழுங்கணும்னு கேட்டா. அந்தக் கேள்விக்குத்தான் ஒரு துண்டு போச்சு. நான் பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தேன். அக்கா, நீ…"

அதற்கு மேல் வரவில்லை.

பக்கத்து அறைக் குரல் ‘அக்கா, நீ’ என்பதுவரை வந்து, அதுவும் நின்றது. பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவரும் சத்தம்.

அக்கா ஸ்டுடியோ வாசலில் நின்றாள். தோளில் ஒரு பை. உதடுகளில் நிறம் குறைந்திருந்தது.

"போதும்டா. மூக்கைத் துடை. அத்தனை பேர் பார்க்கறாங்க."

அவர் துடைத்தார். அதையும் அத்தனை பேர் பார்த்தார்கள்.

"வண்டியை எடுக்கச் சொல்லு" என்றாள் அக்கா. "வேகமா போகச் சொல்லு. இந்தத் தடவை மெதுவா வேண்டாம்."

காரை டெக்னிக்கல் ஓட்டினான். பின் இருக்கையில் அக்கா மனைவியின் தோளில் சாய்ந்திருந்தாள். முன்னால் போதகரின் மடியில் ஜெப எண் போட்ட கைப்பேசி. கிளம்பியதிலிருந்து அது ஓயவில்லை. கூப்பிட்டவர்களில் கேமரா மூப்பர் இல்லை. தலைமைச் சபை இருந்தது. இரண்டு முறை.

"சைலண்ட்ல போடவாப்பா?"

"வேண்டாம்."

முதல் அழைப்பில் ஒருவர் திட்டினார். போதகர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். இரண்டாவது அழைப்பில் ஒரு பாட்டு ஆசிரியை அழுதார். அடுத்தவர், ஒளிபரப்பில் ஒலி இரைச்சலாக வந்ததாகப் புகார் சொன்னார். பின் இருக்கையில் அக்கா சிரிக்கப் பார்த்தாள். மூச்சு பாதியில் அறுந்து, இருமலாகியது. டெக்னிக்கல் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை இன்னும் விரட்டினான்.

ஆஸ்பத்திரி அவசர வாசலில் தள்ளுகட்டில் தயாராக நின்றது. நர்ஸ் அக்காவின் நெஞ்சில் கருவியை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள். யாரையும் பார்க்காமல், உள்ளே யாரையோ சீக்கிரம் வரச் சொன்னாள்.

கட்டில் நகர்ந்தது. அக்காவின் கன்றிய கை போதகரின் விரல்களைப் பிடித்திருந்தது. இரட்டைக் கதவுக்கு இரண்டடி முன்னால் கைப்பேசி மறுபடி அடித்தது.

"எடு" என்றாள் அக்கா.

"அப்புறம் எடுக்கறேன்."

"நான்தான் எடுப்பேன்னு சொன்னல்ல? எடுடா." அவளே விரல்களை விட்டாள். மனைவி கட்டிலோடு உள்ளே போனாள். கதவு இப்படியும் அப்படியும் ஆடி நின்றது.

போதகர் கைப்பேசியைக் காதில் வைத்தார்.

ஒரு பெண் குரல், மிகச் சின்னதாக. "இது மெஷினா?"

"இல்லம்மா. நான்தான் பேசறேன்."

"நிஜமாவா? நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது. சொல்லுங்கம்மா."

"இப்பதான் உங்க வீடியோவைப் பார்த்தேன் ஐயா. ஆட்டோல வரும்போது. அப்போ… என்னைத் திரும்பிப் போகச் சொன்னது நீங்க இல்லையா?"

அவருக்கு அந்தத் துண்டு உடனே நினைவுக்கு வந்தது. வீட்டை விட்டு ஓடிப்போன ஊதாரி மகனைப் பற்றிய பிரசங்கம். ‘திரும்பிப் போ. உன் வீடு உனக்காகக் காத்திருக்கிறது.’ சபையில் பாதிப் பேர் அழுத நாள். அவருக்கே பிடித்த பிரசங்கம்.

"எங்க திரும்பிப் போகச் சொல்லுச்சும்மா?"

"அவர்கிட்ட. போன தடவை என் கையை உடைச்சவர்கிட்ட. நான் அம்மா வீட்டுலதான் இருந்தேன். மன்னிச்சுப் போகலாமான்னுதான் கேட்டேன். மூணு தடவை கேட்டேன் ஐயா. மூணு தடவையும் போகத்தான் சொன்னீங்க."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வாசல்ல. பாப்பா தோள்ல தூங்குது."

இரட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி உரக்கக் கூப்பிட்டாள். "ஏங்க! உள்ள வாங்க, சீக்கிரம்!" அவள் அப்படி உரக்கக் கூப்பிட்டு அவர் கேட்டதே இல்லை. டெக்னிக்கல் அவரைத் தாண்டி உள்ளே ஓடினான்.

போதகரின் கால் கதவுப் பக்கம் திரும்பியது. கை மட்டும் கைப்பேசியை விடவில்லை.

"அம்மா, படியிறங்குங்க. இப்பவே. ஆட்டோ நிக்குதா?"

"போயிடுச்சு."

"பரவாயில்ல, நடங்க. தெருமுனை வரைக்கும் நடங்க. போனை வைக்காதீங்க. நான் பேசிட்டே இருக்கேன்."

"ஐயா, நான் ஏற்கெனவே பெல் அடிச்சுட்டேன்."

எதிர்முனையில் தாழ்ப்பாள் விலகியது. அதற்குப் பின்னால் ஓர் ஆண் குரல். கோபமே இல்லாத, அன்பான குரல்.

"வந்துட்டியா? போன்ல யாரு?"